அந்தப் பதினோரு நாள் எங்கே போச்சு?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றிவரும் செய்தி ஒன்று உண்டு. 1752 செப்டம்பர் மாத நாட்காட்டியின் படத்தைப் போட்டிருப்பார்கள். 2ஆம் தேதி புதன்கிழமை. அதை ஒட்டியே 14ஆம் தேதி வியாழக்கிழமை. நடுவில் 3 முதல் 13 வரை காணோம். கீழே ஒரு விளக்கம் இருக்கும்: இங்கிலாந்து மன்னர் 11 நாளை அழித்துவிட்டார், தொழிலாளிகள் 11 நாள் குறைவாக உழைத்து முழு மாதச் சம்பளம் வாங்கினார்கள், சம்பளத்தோடு விடுப்பு என்ற வழக்கம் அப்படித்தான் பிறந்தது.

படம் உண்மை. விளக்கம் வெறும் கட்டுக்கதை.

இது மட்டுமல்ல. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை ஏன் நவம்பரில் கொண்டாடுகிறார்கள்? ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸும் ஒரே நாளில் இறந்தார்களாமே? லீப் வருஷம் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தப்பாமல் வரும்தானே? இந்தக் கேள்விகள் எல்லாமே நாட்காட்டித் திருத்தம் என்ற ஒரே முடிச்சிலிருந்து வருகின்றன. அதைத்தான் இங்கே அவிழ்க்கப் பார்க்கிறேன். கணக்கு கொஞ்சம் வரும், ஆனால் மளிகைக் கடைக் கணக்குக்கு மேல் போகாது.

பழைய எண், புதிய எண்

சென்னையில் முகவரி தேடி அலைந்தவர்களுக்கு இது பழகிய விஷயம். 'புதிய எண் 25, பழைய எண் 12' என்று வாசலில் எழுதியிருக்கும். மாநகராட்சி தெருவுக்கு மறுபடி எண் போட்டது. வீடு நகரவில்லை, சுவர் இடியவில்லை. தபால்காரர் கையில் இருக்கும் எண் மட்டும் மாறியது.

தேதியும் அப்படித்தான். அது நாளின் கதவில் ஒட்டிய எண். 1752 செப்டம்பர் 2ஆம் தேதி, புதன்கிழமை இரவு லண்டனில் படுத்தவர் மறுநாள் வியாழக்கிழமை எழுந்தார். நடுவே ஒரே ஒரு ராத்திரிதான் கழிந்தது. அந்த வியாழனுக்கு 3 என்று எண் போடாமல் 14 என்று போட்டார்கள், அவ்வளவுதான். கிழமை வரிசை அறுபடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நாள் ஏதாவது உண்மையில் தொலைந்திருந்தால் கிழமையும் தாவியிருக்கும்.

சம்பளக் கதைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. மாற்றத்தைக் கொண்டுவந்த சட்டமே வாடகை, கடன், ஒப்பந்தம் எல்லாவற்றையும் யோசித்துத்தான் எழுதப்பட்டது. முன்பு எத்தனை நாள் கழித்துத் தர வேண்டியிருந்ததோ, அத்தனை நாள் கழிந்த பிறகு தந்தால் போதும் என்று அதில் இருந்தது. யாருக்கும் இலவசமாக 11 நாள் கிடைக்கவில்லை.

சரி, எண்ணை ஏன் மாற்ற வேண்டிவந்தது?

முக்கால் பைசா தகராறு

பூமி சூரியனைச் சுற்றிவர எடுக்கும் காலம் முழு நாட்களில் அடங்காது. சிக்கலுக்குக் காரணமே அதுதான்.

வருஷத்தில் இரண்டு நாள் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். அதைச் சம இரவு நாள் என்பார்கள். மார்ச்சில் வருகிற சம இரவு நாளிலிருந்து அடுத்த மார்ச் சம இரவு நாள் வரை உள்ள காலத்தைப் பருவ ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வெயிலும் மழையும் குளிரும் இதைத்தான் பின்பற்றும். அதன் நீளம் சராசரியாக 365.2422 நாள்.

இப்போது அண்ணாச்சி கடைக்கு வாருங்கள். உங்கள் மாதக் கணக்கு ஒவ்வொரு தடவையும் 365 ரூபாயும் 24 பைசாவும், அதற்கு மேல் இம்மியும் வருகிறது. சில்லறை இல்லை. அண்ணாச்சி ஒரு வழி சொல்கிறார்: "மூணு தடவை 365 குடுங்க, நாலாவது தடவை 366 குடுங்க, சரியாப் போயிரும்."

நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் நீங்கள் தடவைக்குச் சராசரியாக 365 ரூபாய் 25 பைசா கொடுக்கிறீர்கள். தர வேண்டியது 24.22 பைசாதான். ஒவ்வொரு தடவையும் முக்கால் பைசாவுக்குச் சற்று மேலே அண்ணாச்சி பக்கம் போகிறது. முக்கால் பைசாவுக்கு யார் சண்டை போடுவார்? ஆனால் 128 தடவை போனால் முழுசாக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள். 400 தடவையில் மூன்று ரூபாய்க்கு மேல்.

ரூபாய்க்குப் பதில் நாள், தடவைக்குப் பதில் ஆண்டு என்று போட்டுப் பாருங்கள். நாலாவது தடவை தரும் அந்த ஒரு ரூபாய்தான் பிப்ரவரி 29. முக்கால் பைசா என்பது வருஷத்துக்கு 11 நிமிடம் 14 வினாடி.

இதுவரை வந்தது இதுதான்: தேதி வெறும் எண். ஆண்டு முழு எண் இல்லை. நாலு வருஷத்துக்கு ஒரு நாள் சேர்ப்பது கொஞ்சம் அதிகப்படி. அந்த அதிகப்படி 128 வருஷத்தில் ஒரு நாளாகத் திரளும்.

சீசர் போட்ட கணக்கு

நாலு வருஷத்துக்கு ஒரு நாள் என்று சட்டமாக்கியவர் ஜூலியஸ் சீசர். அவருக்கு முன்னால் ரோமில் இருந்த நிலைமையோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல். பழைய ரோமானிய ஆண்டுக்கு 355 நாள்தான். பருவத்தோடு ஒத்துப்போக, அவ்வப்போது ஒரு கூடுதல் மாதத்தைச் செருக வேண்டும். எப்போது செருகுவது என்பது பூசாரிகள் கையில் இருந்தது. பூசாரிகளோ அரசியல்வாதிகள். வேண்டியவர் பதவியில் இருந்தால் வருஷம் நீளும், வேண்டாதவர் இருந்தால் சுருங்கும்.

சீசர் கிமு 46இல் இதைச் சரிசெய்தார். அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சொசிஜெனிஸ் என்ற வானியலாளர் யோசனை சொன்னார். சிதறிக் கிடந்த நாட்களையெல்லாம் ஈடுகட்ட அந்த ஒரு வருஷத்தை மட்டும் 445 நாளாக நீட்டினார்கள். கிமு 45 ஜனவரி 1 முதல் புதிய முறை. இதுதான் ஜூலியன் நாட்காட்டி.

சீசர் மறு வருஷமே கொலையுண்டார். அவர் போன பிறகு பூசாரிகள் 'நான்காவது வருஷம்' என்பதைத் தவறாக எண்ணி, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லீப் நாளைச் சேர்த்தார்கள். பிறகு அகஸ்டஸ் சில லீப் நாட்களை நிறுத்திவைத்து அதைத் திருத்தினார்.

மாதப் பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற பெயர்களில் இருப்பது லத்தீனின் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. நம் காதில் விழுந்த சப்த, அஷ்ட, நவ, தசவுக்கு இவை தூரத்து உறவு. அப்படியானால் ஏழாவது மாதம் எப்படி ஒன்பதாவதாயிற்று? இரண்டு பேரரசர்கள் தங்கள் பெயரில் இரண்டு மாதத்தை நடுவில் செருகிவிட்டார்கள் என்பார்கள். இல்லை. ரோமானியர்களின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. மார்ச்சிலிருந்து எண்ணினால் செப்டம்பர் ஏழாவதுதான். ஐந்தாம் மாதமான குவின்டிலிஸின் பெயரை ஜூலை என்றும், ஆறாம் மாதமான செக்ஸ்டிலிஸின் பெயரை ஆகஸ்ட் என்றும் மாற்றினார்கள். இங்கேயும் மாறியது வாசல் பலகைதான்.

ஈஸ்டர் கிளப்பிய பிரச்சினை

வருஷத்துக்கு 11 நிமிடம் என்றால் ஒரு மனிதர் தன் ஆயுளில் உணரவே மாட்டார். உணர்ந்தது திருச்சபை, காரணம் ஈஸ்டர். அந்தப் பண்டிகைக்கு நிலையான தேதி கிடையாது. எல்லாரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும் என்று கிபி 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் பேரவை முடிவெடுத்தது. நிலைபெற்ற விதி இது: மார்ச் 21ஐச் சம இரவு நாளாகக் கொள், அன்றோ அதற்கு அப்புறமோ வரும் முதல் பௌர்ணமியைப் பார், அந்தப் பௌர்ணமியை அடுத்து வரும் ஞாயிறு ஈஸ்டர்.

விதி மார்ச் 21 என்று எழுதிவைத்தது. ஆனால் நாட்காட்டி 128 வருஷத்துக்கு ஒரு நாள் தவறிக்கொண்டே இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் வானத்தில் சம இரவு மார்ச் 11 வாக்கிலேயே வந்துபோயிற்று. ஒரு பௌர்ணமி மார்ச் 15இல் விழுந்தால், வானத்தின் கணக்கில் அது சம இரவுக்குப் பிந்தையது, ஏட்டின் கணக்கில் முந்தையது. ஈஸ்டர் அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளிப்போகும். அப்படியே விட்டால் வசந்தகாலப் பண்டிகை மெல்லக் கோடையை நோக்கி நகரும்.

தீர்வைக் கண்டவர் தென் இத்தாலியில் கலாப்ரியாவைச் சேர்ந்த ஒரு மருத்துவர், அலோய்சியஸ் லிலியுஸ். தன் திட்டம் நடைமுறைக்கு வருவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. அவருடைய தம்பியோ அண்ணனோ, அன்டோனியோ என்ற சகோதரர், அதை ரோமில் சமர்ப்பித்தார். இயேசு சபையின் கணித அறிஞர் கிறிஸ்டோபர் கிளாவியுஸ் அதை விளக்கி வாதாடினார். 1582 பிப்ரவரி 24 தேதியிட்ட ஆணையில் போப் பதின்மூன்றாம் கிரிகோரி ஒப்பமிட்டார். நாட்காட்டிக்கு அவர் பெயர் நின்றுவிட்டது. லிலியுஸை யாருக்குத் தெரிகிறது?

திட்டத்தில் இரண்டு பகுதி. ஒன்று, திரண்ட பாக்கியைத் தீர்ப்பது: 1582 அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. இரண்டு, இனிமேல் பாக்கி திரளாமல் பார்ப்பது: 400 வருஷத்தில் மூன்று லீப் நாளை விட்டுவிட வேண்டும். நூறில் முடியும் ஆண்டு லீப் ஆண்டு அல்ல. ஆனால் 400ஆல் மீதியின்றி வகுபட்டால் லீப் ஆண்டுதான். 1600உம் 2000உம் லீப். 1700, 1800, 1900 இல்லை. அண்ணாச்சியிடம், 400 தடவைக்குள் மூன்று முறை அந்த உபரி ரூபாயைப் பிடித்துக்கொள்வது போலத்தான்.

முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29இல் பிறந்தவர். 1900இல் அந்தத் தேதி வரவில்லை. முதல் 'சரியான' பிறந்தநாளுக்கு எட்டு வருஷம், 1904 வரை காத்திருந்தார். எக்செல் மட்டும் இன்றும் 1900 பிப்ரவரி 29 என்று ஒரு நாள் இருந்ததாகவே நம்புகிறது. லோட்டஸ் என்ற பழைய மென்பொருளின் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக வைத்துக்கொண்ட பிழை அது.

ஒரு சந்தேகம் வரலாம். சீசரிலிருந்து எண்ணினால் 1,600 வருஷத்துக்குமேல் ஆகிறது, பன்னிரண்டு பதின்மூன்று நாள் பிசகியிருக்குமே, ஏன் பத்தை மட்டும் வெட்டினார்கள்? அவர்களுக்குச் சீசர் காலம் முக்கியமில்லை, நிசேயாதான் முக்கியம். 325க்கும் 1582க்கும் நடுவே 1,257 வருஷம். அதை 128ஆல் வகுத்துப் பாருங்கள், பத்து நாளுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

தேதி எண் தாவிய அந்த 1582 அக்டோபர் ராத்திரியில் ஸ்பெயினில் ஒரு மரணம் நடந்தது. அவிலா தெரேசா என்ற கன்னியர் சபைத் தலைவி ஆல்பா தெ தோர்மெஸ் ஊரில் அக்டோபர் 4 இரவு உயிர்விட்டார். மறுநாள் அடக்கம் செய்தார்கள், அக்டோபர் 15 அன்று. இன்றும் அவர் திருநாள் அக்டோபர் 15தான். பத்து நாள் உடலை வைத்திருந்தார்களோ என்று யாராவது கேட்டால், பழைய எண் புதிய எண் கதையைச் சொல்லுங்கள்.

ஆக, 1582இல் இரண்டு வேலை நடந்தது. பழைய பிசகுக்காகப் பத்து எண்ணைத் தாண்டினார்கள். புதுப் பிசகு வராமல் இருக்க லீப் விதியைத் திருத்தினார்கள். வாட்ஸ்அப் கதைகள் முதலாவதை மட்டும் பேசுகின்றன. நாட்காட்டியை இத்தனை காலம் காப்பாற்றிவருவது இரண்டாவதுதான்.

போப் சொன்னால் நாங்கள் கேட்க வேண்டுமா?

ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி எல்லாம் உடனே மாறின. போப்பை ஏற்காத புராட்டஸ்டன்ட் நாடுகளுக்குக் கணக்கு பிடித்திருந்தாலும் கணக்குச் சொன்ன ஆள் பிடிக்கவில்லை. அதனால் ஐரோப்பாவில் நெடுங்காலம் இரண்டு தேதி ஓடியது. ஜூலியன் தேதியைப் பழைய பாணி என்றும் கிரிகோரியன் தேதியைப் புதிய பாணி என்றும் குறிக்கிறார்கள்.

சுவீடன்தான் இதில் வேடிக்கை. ஒரே வெட்டாக வேண்டாம், 1700 தொடங்கி 40 வருஷம் லீப் நாளையெல்லாம் விட்டுவிட்டால் மெதுவாகச் சேர்ந்துவிடலாம் என்று திட்டம் போட்டது. 1700இல் விட்டார்கள். அப்புறம் போர் வந்தது. 1704இலும் 1708இலும் விட மறந்தார்கள். இப்போது அவர்கள் தேதி ரோமோடும் சேரவில்லை, பழைய பாணியில் நின்ற ரஷ்யாவோடும் சேரவில்லை. அலுத்துப்போய்ப் பழையதற்கே திரும்பினார்கள். திரும்புவதற்கு ஒரு நாள் கூட்ட வேண்டும் அல்லவா? 1712இல் சுவீடனில் பிப்ரவரி 30 வந்தது.

இங்கிலாந்து 1752 வரை பிடிவாதமாக நின்றது. அதற்குள் 1700இல் ஜூலியனில் ஒரு லீப் நாள் கூடிவிட்டதால் வித்தியாசம் 10லிருந்து 11 ஆகியிருந்தது. அதுதான் அந்தப் படத்தில் காணாமல்போன 11. புத்தாண்டையும் கையோடு மார்ச் 25லிருந்து ஜனவரி 1க்குக் கொண்டுவந்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது எழுதிய தேதி 1731 பிப்ரவரி 11. இன்று நாம் சொல்வது 1732 பிப்ரவரி 22. அதே குழந்தை, அதே நாள்.

மக்கள் கொதித்தெழுந்து கலவரம் செய்தார்கள் என்று பாடப்புத்தகங்களில்கூட எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆவணங்களில் கலவரத்துக்குச் சான்று இல்லை. கதை கிளம்பிய இடம் ஓர் ஓவியம். 1754ஆம் ஆண்டுத் தேர்தலைக் கிண்டல் செய்து வில்லியம் ஹோகார்த் தீட்டிய விருந்துக் காட்சியில், தரையில் ஒரு பதாகை கிடக்கும்: 'எங்கள் பதினோரு நாளைத் திருப்பிக் கொடு'. பின்னால் வந்தவர்கள் கேலிச் சித்திரத்தைச் செய்திப் படமாக எடுத்துக்கொண்டார்கள்.

முணுமுணுப்பு இருந்தது உண்மை. பக்கிங்ஹாம்ஷயரில் குவெயின்டன் என்ற கிராமத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் துளிர்க்கும் என்று நம்பப்பட்ட ஒரு முட்செடி இருந்தது. 1752 டிசம்பர் 24 இரவு, புதிய தேதி செடிக்குத் தெரியுமா என்று பார்க்க, விளக்கும் மெழுகுவர்த்தியுமாகப் பெருங்கூட்டம் கூடியது. செடி துளிர்க்கவில்லை. அது கிறிஸ்துமஸே இல்லை என்று ஊர் முடிவுகட்டியது.

சென்னையும் புதுச்சேரியும்

இந்த இரட்டைத் தேதி நம் கடற்கரையிலும் ஓடியது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம், அதாவது புதிய பாணி. சென்னை கிழக்கிந்தியக் கம்பெனியிடம், அதாவது 1752 வரை பழைய பாணி. 1746இல் லா பூர்தொன்னே தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையிடம் செயின்ட் ஜார்ஜ் கோட்டை சரணடைந்தது. ஆங்கிலேயர் கணக்கில் அது செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. தோற்றவர் ஒரு தேதியிலும் ஜெயித்தவர் வேறு தேதியிலும் எழுதிவைத்த ஒரே நாள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் கம்பெனி ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவர்கள் இதை மறந்தால் தலை சுற்றும்.

ஷேக்ஸ்பியர் விவகாரமும் இதேதான். இரண்டு பேருக்கும் சொல்லப்படுவது 1616 ஏப்ரல் 23. இங்கிலாந்தின் ஏப்ரல் 23 என்பது ஸ்பெயினின் மே 3. போதாக்குறைக்கு, செர்வான்டிஸ் 22ஆம் தேதியே இறந்து, 23இல் அடக்கம் ஆனதாகத்தான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். உலகப் புத்தக நாளை அன்றைக்குக் கொண்டாடுவதில் தவறில்லை, ஆனால் அவர்கள் ஒன்றாகப் போகவில்லை.

ரஷ்யா 1918 வரை மாறவில்லை. அதற்குள் வித்தியாசம் 13 நாள். 1917 அக்டோபர் 25 என்று அன்றைய ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராதில் எழுதியது மற்ற நாடுகள் பலவற்றில் நவம்பர் 7. புரட்சி அரசு வந்த சில மாதத்தில், ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 என்று அறிவித்துவிட்டது. நம் ஊர்த் தோழர்கள் சுவரொட்டியில் 'நவம்பர் புரட்சி தினம்' என்று போடுவதும், புத்தகத்தில் 'அக்டோபர் புரட்சி' என்று இருப்பதும் இரண்டும் சரி.

ஜப்பான் சந்திர நாட்காட்டியைக் கைவிட்டு 1873 ஜனவரி 1இல் இதற்குள் வந்தது. அந்தச் சமயத்தில் அரசு கஜானா காலி. பழைய நாட்காட்டிப்படி 1873இல் 13 மாதம், ஆகவே 13 சம்பளம் தர வேண்டியிருந்திருக்கும். நாட்காட்டியை மாற்றி அதை மிச்சம் பிடித்தார்கள். வாட்ஸ்அப் சம்பளக் கதையைத் தலைகீழாகத் திருப்பினால் உண்மையான வரலாறு கிடைக்கிறது.

நம் பஞ்சாங்கம் எதைப் பார்க்கிறது?

சம இரவு மார்ச் 20 அல்லது 21. ஆனால் சித்திரை 1 ஏப்ரல் 14. ஏன் 24 நாள் தள்ளி? நம் ஆண்டு பருவத்தைப் பார்த்து அளப்பதல்ல, நட்சத்திரங்களைப் பார்த்து அளப்பது. சூரியன் வானத்தில் ஒரே நட்சத்திரப் பின்னணிக்குத் திரும்ப வர ஆகும் காலம் பருவ ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் அதிகம். சுற்றும் பம்பரத்தின் தலை தள்ளாடுவது போலப் பூமியின் அச்சும் சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்றுத் தள்ளாடுகிறது; இருபது நிமிட வித்தியாசம் அதனால் வருவது. இதைப் பஞ்சாங்கக்காரர்கள் அயன சலனம் என்பார்கள். 72 வருஷம் போனால் ஒரு நாள் அளவுக்கு நகரும். உத்தராயணம் தை முதல் நாள் தொடங்குகிறது என்று சொல்லிக்கொண்டாலும், சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22லேயே முடிந்துவிடுவதும் இதனால்தான். இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனசில்லை. அளவுகோல் வேறு.

1957 மார்ச் 22 முதல் இந்திய அரசு நடைமுறைப்படுத்திய தேசிய நாட்காட்டி, அதாவது சக ஆண்டு நாட்காட்டி, பருவத்தையே பின்பற்றுகிறது. அரசிதழில் அந்தத் தேதியும் அச்சாகும். யாரும் அதில் பிறந்தநாள் கொண்டாடிப் பார்த்ததில்லை.

அடுத்து எப்போது?

கிரிகோரியன் கணக்கும் துல்லியம் இல்லை. வருஷத்துக்கு 26 வினாடி வாக்கில் மிச்சம் இருக்கிறது. ஒரு நாளாகத் திரள மூவாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவரை கவலை இல்லை.

அதற்குமுன் ஒரு வேலை இருக்கிறது. ரஷ்யத் திருச்சபை போன்ற சில திருச்சபைகள் பண்டிகைக்கு இன்னும் ஜூலியனையே வைத்திருக்கின்றன. அவர்களுடைய டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7. 2100ஆம் ஆண்டு ஜூலியனில் லீப், கிரிகோரியனில் இல்லை. அவர்கள் முறையை மாற்றாவிட்டால் அதற்கு அடுத்த கிறிஸ்துமஸ் 2101 ஜனவரி 8இல் வரும். நமக்கோ 2100 பிப்ரவரி 28 ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள், மார்ச் 1.